உணவகம் என்று எழுதப்பட்ட வீடு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் பெற்றுவிட்டுக் கண்ணை மூடியது. ஐந்தும் என் கையால் தின்றுதான் ஆளானது. இன்றுவரை என் கையால் ஒரு கவளம் சோறு காசுக்குப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிப்பு எனக்குப் பெரிதாக இல்லை. நாற்பது வயதுக்கு மேல், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தார்கள். ஆறு மாதம் போனேன். அறுப்பு வந்தது, நின்றுவிட்டேன். அதற்குள் கையெழுத்துப் போட வந்துவிட்டது. பஸ் போர்டு படிப்பேன். ரேஷன் கடைப் பலகை படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் பக்கத்தில் நிற்பவளைக் கேட்க மாட்டேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரிகள் எல்லாம் இன்னும் கைநாட்டு. நான் கைநாட்டு இல்லை. இந்தப் பெருமைதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்பக்கம். முன்பு ஐந்து ஏக்கர் நெல் வைத்திருந்தோம். பாதி கம்பெனிக்குப் போனது, பாதியில் இன்னும் நெல் போடுகிறோம். என் மூன்றாவது பிள்ளையோடு இருக்கிறேன். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறான்.

அந்த மூன்றாவதுக்கு நான்கு வயதில் அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. கண்ணுக்குள்ளேயும் முத்து. பத்து நாள் கண் திறக்கவில்லை. வேப்பிலைப் படுக்கையில் அவனைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று அம்மனிடம் கேட்டேன்: கண்ணை மட்டும் விட்டுக் கொடு, என் கையில் துடுப்பு சுற்றுகிற வரைக்கும் ஆடி மாதம் ஒவ்வொரு ஞாயிறும் என் வாசலில் உனக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று. பதினோராம் நாள் கண் திறந்தான். அந்தக் கண்ணை வைத்துத்தான் இன்று அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறான்.

முதலில் ஒரு குண்டான் கூழ்தான். தெருப் பிள்ளைகள் வந்து குடிக்கும். அப்புறம் கம்பெனிகள் வந்தன. ஞாயிறு ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் வாசலில் வேப்பிலை கட்டியிருப்பதைப் பார்த்து நின்றார்கள். ஒரிசாக்காரன், பீகார்க்காரன் எல்லாம் நின்றான். பாஷை தெரியாது. சொம்பை நீட்டுவான், ஊற்றுவேன். ஒரு குண்டான் இரண்டு அண்டா ஆயிற்று, இரண்டு ஆறு ஆயிற்று. வெள்ளிக்கிழமை கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்போம். சனிக்கிழமை நொய்யை வேகவிட்டு மாவை ஊற்றிக் கிளறுவோம். ஞாயிறு காலையில் மோர், வெங்காயம், உப்பு. தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும். வெயிலில் நிற்கிறார்களே என்று என் பிள்ளை வாசலில் சிமெண்டுத் தரை போட்டு, மேலே தகரம் வேய்ந்து, கல் அடுப்பு மூன்று கட்டிக் கொடுத்தான். ஆடி போனால் அங்கே நெல் மூட்டை கிடக்கும், கோழி கிடக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டு வரி திருத்துகிறோம் என்று அளக்க வந்தார்கள். வேலை முடியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். அன்றைக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு. அடுப்பில் அண்டா இருக்கிறது, ஆள் வரிசையில் நிற்கிறது, பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்து குடிக்கிறார்கள். அம்மன் படத்துக்கு முன்னால் மஞ்சள் குங்குமத் தட்டு. குடித்துவிட்டுப் போகிறவன் அந்தத் தட்டில் பத்தோ இருபதோ போடுவான். அது என் காசு இல்லை. பெரியபாளையத்து அம்மன் உண்டியலில் கொண்டுபோய் அப்படியே கொட்டுவேன். எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்தவர் எந்தப் பக்கமோ, தட்டை நன்றாகப் பார்த்தார். போனில் படம் எடுத்தார்.

வந்தவரைச் சும்மா அனுப்புவேனா? முதலில் கூழ் கொடுத்தேன். இரண்டு சொம்பு குடித்தார். கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டார். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டார். இருநூறு பேருக்குக் குறையாது என்றேன். எத்தனை வருஷமாக என்றார். இந்தக் கம்பெனி எல்லாம் வரதுக்கு முன்னாலேயிருந்து என்றேன். எல்லாவற்றையும் எழுதி, காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்தார். அதை மூடுங்கள் என்றேன். பேனாவை வாங்கி என் பெயரை முழுசாக எழுதினேன். நல்ல கையெழுத்து என்றார். அந்த வாரம் முழுக்க அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு எழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

வரி ஏறி வந்தது. ஊருக்கே ஏறியது, நமக்கும் ஏறியது என்று என் பிள்ளை திட்டிக்கொண்டே போனில் கட்டினான். இரண்டு வருஷம் கட்டினான். போன வருஷம் ரசீது ஒன்றை அச்செடுத்து வந்து அரிசி டின் மேலே போட்டிருந்தான். மத்தியானம் சும்மா இருக்கிறோமே என்று எடுத்துப் படித்தேன். என் பெயர் சரியாக இருந்தது. கதவு எண் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ‘பயன்பாடு’ என்று போட்டு ஒரு வார்த்தை. உ, ண, வ, க, ம். இரண்டு தரம் கூட்டினேன். பேருந்து நிலையத்துப் பக்கத்தில் பிரியாணி கடைப் பலகையில் இருக்கிற அதே வார்த்தை.

என் வீடு உணவகம். நான் அம்மனுக்கு ஊற்றியதைக் காசுக்கு விற்றவள். அப்படி அரசாங்கப் புத்தகத்தில் இரண்டு வருஷமாக எழுதி வைத்திருக்கிறது. என் பிள்ளையின் கண்ணுக்காக நேர்ந்துகொண்டது வியாபாரம் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைக்கு வந்த கோபம் வேறு. வீட்டுக்கு ஒரு விதம், கடைக்கு ஒரு விதம் வரியாம். நாம் கடைக்குக் கட்டியிருக்கிறோமாம். அவன் பணத்தை நினைத்துக் கத்தினான். நான் வார்த்தையை நினைத்துச் சும்மா இருந்தேன். ஒரே மனுவாகத்தான் கொடுத்தோம்.

வரி அலுவலகத்துக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்கில்லை. முதல் தரம், அளந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் தரம், ஆட்சேபணை சொல்ல நாள் கொடுத்தோமே, அது கடந்துவிட்டது என்றார்கள். யாரிடம் கொடுத்தீர்கள் என்றேன். போனுக்கு வந்திருக்கும் என்றார்கள். மூன்றாம் தரம் மனுவே காணோம். நான்காம் தரம் மனு கிடைத்துவிட்டது, பார்க்கிறவர் லீவு. ஒரு தரம், கம்ப்யூட்டரில் வீடு, கடை, கம்பெனி, உணவகம் என்றுதான் இருக்கிறது, கூழ் ஊற்றுகிற இடம் என்று ஒன்று இல்லையே ஆயா என்று ஒரு பெண் சிரித்தது. அந்தப் பெண்ணிடம், உங்கள் வீட்டில் ஆடிக்குக் கூழ் ஊற்ற மாட்டார்களா என்று கேட்டேன். ஊற்றுவாங்க ஆயா என்றது. அப்போது உங்கள் வீடும் உணவகமா என்றேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேறு காகிதத்தைப் பார்த்தது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் மனு டைப் அடிக்கிறவர்தான் வழி சொன்னார். திருவள்ளூர் கோர்ட்டில் ஒரு சனிக்கிழமை மக்கள் நீதிமன்றம் உட்காரும். கேஸ் போடாமலே மனு கொடுக்கலாம். நடுவில் மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்படி எழுதினால் அதுதான் தீர்ப்பு, அதற்கு மேல் யாரும் போக முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்த வழியே வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு இது பிடித்திருந்தது. உட்கார வைத்துக் கேட்கிறேன் என்கிறார்களே, அதுவரை யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி, முதல் நாளே மணவாள நகரில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போய்விட்டோம். பிள்ளை லீவு போட்டு வந்தான். காலையில் கோர்ட்டில் திருவிழாக் கூட்டம். பேங்க் கடன்காரர்கள், லாரி மோதினவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டவர்கள். மத்தியானம் தாண்டித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். ஒரு பக்கம் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் அம்மாள். இன்னொரு பக்கம் சமூக சேவை செய்கிறவர் என்றார்கள், அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. எதிரில் வரி அலுவலகத்திலிருந்து வந்தவர், என் பிள்ளையை விடச் சின்னவர். முகத்தைப் பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தது.

நீதிபதி முதலில் அந்தப் படத்தைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். அடுப்பு, அண்டா, வரிசை, தட்டில் நோட்டு, நடுவில் துடுப்போடு நான். படத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். தட்டில் காசு எதற்கு என்று வக்கீல் அம்மாள் கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரிந்தது. நீதிபதிக்கும் புரிந்தது. என்னுடைய நேர்த்திக்கடனையும் முழுசாகச் சொன்னேன். அவசரப்படுத்தாமல் கேட்டார். இது வீடுதானே, வீட்டு வரியே போடுங்கள் என்று அந்தத் தம்பியைப் பார்த்துச் சொன்னார். அவரும் உடனே சரி என்றார். இந்த அரையாண்டிலிருந்து வீட்டு வரிதான் என்றார். என் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் நெஞ்சு லேசாயிற்று.

டைப் அடித்துக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படிக்க வேண்டும் என்றேன். பிள்ளை, நான் படிச்சிட்டேம்மா போடு என்றான். மாட்டேன் என்றேன். எழுத்துக் கூட்டி ஆரம்பித்தேன். பின்னால் ஆள் நிற்கிறது. மூன்றாவது வரிக்கு வருவதற்குள் வக்கீல் அம்மாள் பொறுக்க முடியாமல் வாங்கிச் சத்தமாகப் படித்தார். அதில் இப்படி இருந்தது: ‘மேற்படி முகவரியில் உணவகம் தற்போது நடத்தப்படவில்லை என்பதால்.’

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

தற்போது என்றால் முன்பு நடத்தினேன் என்று ஆகிறதே என்றேன். அப்புறம் அந்தத் தம்பிதான் பேசினார்.

“ஆயா, வரிய கொறைச்சாச்சு. பேப்பர்ல ஒரு வார்த்த கீது, அத்த யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன் நைனா. அந்த வார்த்தைக்குத்தான் நான் வந்தேன். கட்டின டப்பு எனக்கு வாணாம், நீங்களே வெச்சிக்குங்க. அத்த மட்டும் அடிச்சிடு.”

“நாங்க எப்பிடி ஆயா வெச்சிக்கிறது? வார்த்தய அடிச்சா டப்ப திருப்பித் தரணும். ரூலு அப்பிடி. டப்ப திருப்பித் தந்தா, இன்னாத்துக்குத் தந்த, தப்பா எழுதினது யாருன்னு ஆடிட்டுல கேப்பாங்க. தப்பா எழுதினவரு இப்ப எனக்கு மேல உக்காந்துகினு கீறாரு.”

நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தண்ணீர் குடித்து மறைத்தார். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்து, முடியாதாம் சார் என்றார். நீதிபதி என்னிடம் நிதானமாகச் சொன்னார். இங்கே யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்த முடியாதம்மா, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதைத்தான் எழுத முடியும், எழுதியபிறகு அப்பீல் கிடையாது என்றார். பணம் வேண்டாம் என்று சொல்கிறவளிடம் பணத்தைக் கொடுக்க முடியாது என்பதால் பொய்யை வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அப்போது வக்கீல் அம்மாள் ஒன்று சொன்னார். ஆபீஸ் தப்பாக எழுதியது என்றால்தான் ஆபீஸ் பதில் சொல்ல வேண்டும். நான் தப்பாகச் சொன்னேன், அதை நம்பி அவர்கள் எழுதினார்கள் என்று நானே எழுதிக் கொடுத்தால் அவர்கள் யாரும் மாட்ட மாட்டார்கள். பணம் திரும்பி வராது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே அது வீடுதான் என்று திருத்திவிடலாம். அந்தத் தம்பியும், அப்பிடின்னா பண்ணலாம் மேடம் என்றார்.

“நான் தப்பா சொல்லல,” என்றேன். “சொல்லாதத சொன்னேன்னு எழுத மாட்டேன்.”

சத்தமாகத்தான் சொன்னேன். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். நீதிபதி, அடுத்த தடவை உட்காரும்போது வாருங்கள், யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று காகிதத்தை மடித்துவிட்டார்.

திரும்பும்போது பெரியபாளையம் வரைக்கும் பிள்ளை முன் சீட்டில் போய் உட்கார்ந்து வந்தான். அங்கே பஸ் மாறி உட்கார்ந்தபின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஊரு ஜனம் ஊட்டுக்கு வரி கட்டுது. நாம உன் ரோஷத்துக்கு வரி கட்டிகினு கீறோம்.”

ரோஷம் என்று அவன் சொன்னது சரி. ஆனால் அவன் நினைத்த ரோஷம் வேறு, எனக்குத் தெரிந்த ரோஷம் வேறு.

மேலே எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அளக்க வந்தவர் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. டெய்லி எத்தினி பேரும்மா என்றுதான் கேட்டார். டெய்லி என்றால் எனக்குத் தெரியாதா? கம்பெனி வாசலில் முப்பது வருஷமாகக் கேட்கிற வார்த்தை. தினமும் இல்லை, ஆடியில் நான்கு ஞாயிறு, சில வருஷம் ஐந்து, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்த வரிசையைப் பார்த்தேன். ஒரு ஆபீசர் என் வாசலில் நின்று வாயைப் பிளந்து அண்டாவைப் பார்க்கிறார். வருஷத்தில் நான்கு நாள் என்று சொன்னால் சின்னதாகப் போய்விடும் போல இருந்தது. அதனால் நாளைச் சொல்லாமல், இருநூறு பேருக்குக் குறையாது நைனா என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்டதற்குச் சொன்ன பதிலும் இல்லை. பஸ்ஸில் இதைத்தான் உருட்டிக்கொண்டு வந்தேன். அவர் தட்டைத் தப்பாகப் பார்த்தார், அது அவர் தப்பு. ஒரு மாதம் கழித்து வந்து பார்த்திருந்தால் கோழிதான் இருந்திருக்கும், வரவில்லை, அதுவும் அவர் தப்பு. ஆனால் தினமும் என்று எழுத இடம் கொடுத்தது நான். கோர்ட்டில் மூன்று பேருக்கு முன்னால் தப்பாகச் சொல்லவில்லை என்று அடித்துப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள். இந்த வருஷம் கோயில்லயே ஊத்திடலாம்மா, நம்ம வாசல்ல வாணாம், மறுபடியும் எவனாவது படம் புடிச்சினு போவான் என்று பிள்ளை சொன்னான். நான் நேர்ந்தது என் வாசலில். வாசலை மாற்றினால் அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பதற்குப் பயந்து மாற்றியதாக ஆகும். கேழ்வரகு அரைக்கக் கொடுத்துவிட்டேன். ஊற்றத்தான் போகிறேன். ஆனால் அந்த வார்த்தை அங்கே அப்படியே இருக்கும்போது அண்டாவை அடுப்பில் ஏற்ற எனக்குக் கை கூசுகிறது. இந்தக் கூச்சத்துக்கு எந்த ஆபீசிலும் மனு வாங்க மாட்டார்கள்.

அதனால் வக்கீல் அம்மாள் சொன்னபடி எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். சந்தோஷமாக முடிவு செய்யவில்லை. தப்பாகப் பார்த்தவர் பதவி உயர்வில் போய்விட்டார், பெருமைக்கு வாயை விட்டவள் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் என் பிள்ளை கட்டியதும் போகட்டும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் சம்பாதித்துக் கட்டிய பணம் என் வாயால் போனது என்று அவனிடம் சொல்வதுதான் கோர்ட்டில் சொல்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் சொல்லிவிடுவேன்.

மனு அரைப் பக்கம் போதும் என்றார்கள். அரைப் பக்கத்தில் நான் என்ன எழுத? வெறும் தப்பாகச் சொன்னேன் என்று எழுதினால் நான் பொய்க்காரி என்றுதான் தெரியும். அதனால் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. எழுத்து மறந்துபோன இடத்தில் ரசீதைப் பார்த்து எழுதினேன், காலண்டரைப் பார்த்து எழுதினேன். இதிலிருந்து அரைப் பக்கம் எடுத்து மனு எழுத வேண்டியது என் பேத்தியின் வேலை. பன்னிரண்டாவது படிக்கிறாள். பக்கத்தில்தான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“கண்ணு, அத்த அப்பால வெச்சிட்டு இப்பிடி வா. இந்த நோட்ட மொதல்ல இருந்து எனக்குப் படிச்சிக் காட்டு. அவசரம் வாணாம். டெய்லின்னு எழுதிகீறன் பாரு, அந்த எடத்த முழுங்கிடாத. சத்தமா படி.”